ஜெர்சி கேட்டு வந்தவர்

உக்காருங்க தம்பி. சேர்ல பீஸ் துணி கெடக்குதுங்களா, அக்கட்டால தள்ளிப் போட்டுட்டு உக்காருங்க. இங்க எங்க உக்காந்தாலும் கொஞ்சம் சாயம் ஒட்டத்தான் செய்யும், பரவால்லீங்களா? கோபியில இருந்து பஸ்லயா வந்தீங்க, இந்த வெயில்ல?

போன்ல சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். பதினஞ்சு வயசுக்குள்ள பசங்க புட்பால் டீமு. லீக்ல சேத்தோணும். ஜெர்சி வேணும், வண்டி வாடகை வேணும். பசங்க நெம்பத் திறமை, வசதி இல்லாத பசங்க, ஒருத்தர் கை குடுத்தாப் போதும், மேல வந்துருவாங்க. இதத்தான சொல்லப் போறீங்க? தப்புன்னு சொல்லலீங்க. ஜெரோம் மாஸ்டரும் இதே சேர்ல உக்காந்துட்டு இதேதான் சொன்னாரு.

நான் இப்ப யாருக்கும் ஸ்பான்சர் பண்றதில்லீங்க. ஏன்னு சொல்றேன். கேட்டுட்டுப் போங்க. இல்லாட்டி வையாபுரி கஞ்சன்னு நெனச்சுட்டுப் போவீங்க.

என்ற பையன் மிதுன். ஒரே பையன். வாசல்ல போர்டு பாத்திருப்பீங்களே, மிதுன் பிரிண்டர்ஸ்னு. பனியன் துணிக்குப் பிரிண்டு போடற கம்பெனி, அவன் பொறந்த வருசம் ஆரம்பிச்சது. நான் பனியன் கம்பெனியில டெய்லருக்குப் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக் குடுத்து, கைமடிச்சவன் தம்பி. பத்து வயசுல. பந்து வெளையாடறது எல்லாம் எனக்குத் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போனா கோலுன்னே ரெண்டு மாட்ச் பாத்த பொறவுதான் புடிபட்டுச்சு. நாம பாக்காதது பையன் பாக்கட்டும்னு நெனைக்கறது தப்புங்களா?

மொதல்ல எனக்கு இதுல சம்பந்தமே இல்லீங்க. பையன் எந்நேரமும் போனக் கையில வெச்சுட்டே இருக்கறான், ஒடம்பு போட்டுட்டே போகுதுன்னு என்ற சம்சாரம் சாந்தாமணிதான் நொய்யல் கிளப்புல கொண்டு போயிச் சேத்துவுட்டா. சேந்த கொஞ்ச நாள்லயே பையன் மாறிட்டானுங்க. விடியறதுக்குள்ள அவனே எந்திரிச்சுக்குவான். பூட்ஸ அவனே தொடைச்சு வெப்பான். சாப்புடறப்பப் பேசுவான். அந்த டீமு, இந்த டீமு, எங்க சோமு நேத்து அடிச்ச கோலுன்னு. சோமு சோமு சோமு. யாருடா அந்த சோமுன்னா, வடக்கத்திப் பையன். ஜார்க்கண்டு. நெசப் பேரு சோமாய்னு, பசங்க சோமுன்னு ஆக்கிட்டாங்க. அவங்கப்பன் ஏதோ டையிங்ல, சாயப்பட்டறையில வேல. எந்த டையிங்னு எனக்குத் தெரியாது. பையன் பேசறது அச்சு நம்மூருப் பேச்சுங்க, ஏனுங்க வாங்கன்னு.

சரி, ஒருக்கா போயிப் பாப்போம்னு ஒரு ஞாயித்துக்கிழம மாட்சுக்குப் போனேன். பல்லடத்துக்கிட்ட ஒரு கிரவுண்டு. போயிப் பாத்தா என்ற பையன் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறான். மாட்ச் முடியற வரைக்கும் உக்காந்தே இருந்தான். நடுவுல பசங்க வந்தா ஓடி ஓடித் தண்ணி பாட்டில் குடுக்கறான். ஒருத்தனுக்குக் கால் புடிச்சுக்கிச்சு, இவன் மண்டி போட்டு உக்காந்து அவன் கால நீவி விடறான். அந்த சோமு கோல் அடிச்சதும் இவன் எந்திரிச்சுக் குதிக்கறான்.

சிரிச்சுட்டே இருந்தானுங்க. அதுதான் எனக்குத் தாங்கல. வெளிய உக்கார வெச்சிருக்கறாங்கங்கற சொரணை கூட இல்லாம சிரிக்கறானே. என்ற பையன் அடுத்தவன் கால நீவறதுக்கா நான் இத்தன வருசம் மெசின் முன்னால நின்னேன்? சாந்தாமணி சொன்னா, அவன் சந்தோசமா இருக்கறான், உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

மறுநாளே கிளப்புல சொல்லிக் குடுக்கற ஜெரோம் மாஸ்டரக் கூப்பிட்டு அனுப்புனேன். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரரு. கடலோரத்துல பந்து ஆடியே வளந்தவரு. நல்ல மனுசன், அவரக் குத்தம் சொல்லல. கிளப்புக்கு என்ன வேணும்னு கேட்டேன். அவரு மொதல்ல ஒன்னும் வேண்டாம்னாரு. பொறவு மெதுவாச் சொன்னாரு. லீக்குக்குக் கட்டோணும், கிரவுண்டு வாடக பாக்கி, வெளியூரு மாட்சுக்குப் போக வண்டி இல்ல, அவரு சம்பளமே ரெண்டு மாசமா வரலைன்னு. எல்லாம் நான் பாத்துக்கறேன்னுட்டேன். ஜெர்சி நம்ம பிரிண்டு. துணியே தனியா நெய்யச் சொன்னேன் தம்பி. வேர்வை நிக்காத துணி. நெஞ்சுல பெருசா மிதுன் பிரிண்டர்ஸ். கழுவக் கழுவ மங்காத மை. இப்பப் போயிப் பாத்தாலும் அப்படியே இருக்கும்.

அந்த ஜெர்சியப் பையனுக்குக் காட்டுனேன். அவன் பாத்துட்டு, 'எல்லாருமே என்ற பேரப் போட்டுக்கிட்டு ஆடோணுமாப்பா'ன்னான். ஆமா சாமின்னேன். 'பேரக் கொஞ்சம் சின்னதாப் போடுங்கப்பா, இல்லாட்டி போடாம விட்டுருங்க'ன்னான். கூச்சம். சின்ன வயசுல இருந்தே அவனுக்குக் கூச்சம் எச்சு.

இங்க ஒன்னு சொல்லிக்கறேன். என்ற பையன எறக்கி விடுங்கன்னு நான் ஒரு வார்த்த கேக்கலீங்க. சாமி மேல சத்தியம். மாஸ்டரு காச வாங்கிட்டுக் கெளம்பறப்ப, 'அவங்கம்மாவுக்கு ஒருக்காவாச்சும் பையன் உள்ள ஆடறதப் பாக்கோணும்னு ஆசைங்க'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். மாஸ்டரு வாசப்படிகிட்ட நின்னாரு. 'சார், மிதுன் ரொம்ப நல்ல பையன். டீமுக்கு அவன் வேணும். ஆனா'ன்னாரு. ஆனான்னவரு மேல ஒன்னும் சொல்லல. நானும் கேக்கல.

அடுத்த மாட்சுல மிதுன் மொதல்லயே எறங்கிட்டான். எடது பக்கம். சோமு பெஞ்சுல. நான் சாந்தாமணியக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பாரு, உன்ற பையனப் பாருன்னேன். அவ பாக்கவே மாட்டேங்கறா, பந்து அவன்கிட்ட வர்றப்ப எல்லாம் முந்தானையப் புடிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கறா. அவன் ஓடுனான் தம்பி. நல்லாத்தான் ஓடுனான். என்ன, பந்து கொஞ்சம் முன்னால போயிரும், அதுக்குள்ள எதிராளி எடுத்துக்குவான். பாதி ஆட்டத்துல ரெண்டு கோல் வாங்கியாச்சு. பொறவு மாஸ்டரு சோமுவ உள்ள விட்டாரு, எப்படியோ சமன் பண்ணிட்டாங்க. பக்கத்துல நின்ன ஒருத்தரு, எந்தப் பையனோட அப்பனோ தெரியல, 'பேரு சட்டையில இருந்தாப் போதாதா, கால்லயும் இருக்கோணுமா'ன்னு சொல்லிட்டு சிரிச்சாரு. வயித்தெரிச்சல். நம்மூர்ல ஒருத்தன் நல்லது பண்ணுனாப் பொறுக்காது.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கறப்ப மிதுன் கேட்டான். 'அப்பா, என்னைய ஏன் எறக்குனாங்க?'

நல்லா ஆடறேல்ல, அதான்னேன்.

'நான் நல்லா ஆடறனா?'

ஆமாடான்னேன். தட்டுல கையி வெச்சபடிக்கு என்னையவே பாத்துட்டு இருந்தான். பொறவு எந்திரிச்சுப் போயிட்டான். பாதிச் சோறு அப்படியே கெடந்துச்சு.

அதுக்கப்பறம் ஒவ்வொரு மாட்சுக்கு முன்னாலயும் வாந்தி. காலைல எந்திரிச்சதும் பாத்ரூம்ல சத்தம் கேக்கும். டாக்டருகிட்டக் காட்டுனேன். வயித்துல ஒன்னுமில்ல, மனசுல ஏதாச்சும் பயம் இருக்குதான்னு அவரு கேட்டாரு. பயமாவது ஒன்னாவது, அவங்கப்பனப் பாத்த பொறவு பயம் எங்க இருந்து வரும்? சத்து கொறைவுன்னு புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுத்தேன். தனியாச் சொல்லிக் குடுக்கக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு மாஸ்டர வரவெச்சேன். ஒரு அப்பன் இதுக்கு மேல என்ன பண்ணுவான், சொல்லுங்க. 'என்னைய பெஞ்சுலயே விட்டுருங்கப்பா'ன்னு ஒருக்கா அழுதான். ஆரம்பத்துல எனக்கும் கைமடிக்கறப்ப அழுகை வந்துச்சு, பழகிரும்னு சொல்லித் தேத்துனேன்.

ஏய் சின்ராசு, அந்த ஸ்க்ரீன அப்படியே மையோட சாத்தி வெக்காத, காஞ்சு அடைச்சுக்கும். கழுவி வையி. நீங்க சொல்லுங்க தம்பி... இல்ல, நான்தான சொல்லிட்டு இருந்தேன்.

இப்படிப் போயிட்டு இருக்கறப்ப உள்ள வந்தாரு கனகசபாபதி. கிரானைட் யாவாரம். அவரு பையனும் அதே டீமு. நான் ஜெர்சி குடுத்தா இவரு ஏசி வண்டி குடுத்தாரு. நான் கிரவுண்டு வாடக குடுத்தா இவரு வெளியூருல தங்கறதுக்குப் பெரிய ஓட்டல்ல ரூம் போட்டாரு. அடுத்த வாரமே அவரு பையன் கேப்டன். பாத்தீங்களா, காசக் காட்டிக் கேப்டன் ஆக்கிட்டாரு. இப்படிப் பண்ணலாங்களா? பசங்க வெளையாட்டுல பணத்தக் கொண்டாந்து போட்டா அது வெளங்குமா? நான் மாஸ்டருகிட்ட நேராவே கேட்டேன், இது நியாயமான்னு. அவரு தரையப் பாத்துட்டு, 'நீங்க ரெண்டு பேரும் சொல்றதுதான் சார் இங்க நியாயம்'னாரு. என்னைய எதுக்கு அவருகூடச் சேத்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அப்பறம் அந்தக் கனகசபாபதியே இன்னொரு ரூலு கொண்டாந்தாரு. வெளியூருச் செலவுல எல்லாப் பெத்தவங்களும் சமமாப் பங்கு போடோணும், ஓசியில யாரும் ஆடக் கூடாது, அப்பத்தான் பசங்களுக்குப் பொறுப்பு வரும்னு. மீட்டிங்ல நானும் இருந்தேன். பெரிய ஓட்டலு, ஏசி வண்டின்னு ஆனதுல பங்கும் பெருசு. சமம்னு சொல்றப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது? தலையாட்டுனேன். அந்த வாரத்தோட நாலஞ்சு பசங்க நின்னுட்டாங்க. சோமுவும்.

நின்னதுக்கப்பறம் ஒரு நாள் சாயங்காலம் சோமுவும் அவங்கப்பனும் இங்க வாசல் கேட்டுகிட்ட வந்து நின்னாங்க. நான் போன்ல இருந்தேன். டெல்லி பார்ட்டி, சரக்கு லேட்டுன்னு கத்திட்டு இருக்கறான். கையக் காட்டி இருங்கன்னேன். போன் முடியவே இல்ல. அந்தாளு செருப்பக் கழட்டி வெச்சுட்டு வெயில்லயே நிக்கறாரு. பையன் எதுவுமே கேக்காம நம்ம மெசின் ஓடறத வேடிக்கை பாத்துட்டு இருந்தான். இருட்டற நேரம் வாட்ச்மேனக் கூப்புட்டு, மிதுனுக்கு வாங்கி அளவு சேராமப் போன ஒரு ஜோடி புது பூட்ஸ் இருந்துச்சு, அத அந்தப் பையன்கிட்டக் குடுத்து அனுப்பச் சொன்னேன். வாங்கிட்டுப் போயிட்டாங்க. பொறவு வாட்ச்மேன் சொல்றான், வெளியூருக்கு வராட்டியும் பரவால்ல, சாயங்காலம் பிராக்டீசு மட்டும் பண்ண விடுவாங்களான்னு கேக்கத்தான் வந்தாங்கன்னு.

கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? வாயத் தொறந்து கேக்கோணுமில்லீங்க.

அப்பறம் செமி பைனலு. சேலத்துல. சோமு இல்லாம எப்படியோ அது வரைக்கும் வந்துட்டாங்க. நான் கம்பெனிக்கு லீவு விட்டு, எல்லாரையும் ஒரு பஸ்ஸு புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். எல்லாருக்கும் அதே ஜெர்சி. கேலரி பூரா மிதுன் மிதுன்னு நம்ம பேருதான். பையன் உள்ள எறங்கறப்ப கை தட்டுனாங்க பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஆட்டம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் இருக்கும். பந்து இவன்கிட்ட வந்துச்சு. யாரும் பக்கத்துல இல்ல. இவன் பந்தக் காலுல நிறுத்துனான். அப்படியே நின்னான். கூட்டமே அடி அடிங்குது. பக்கத்துல இருந்த நம்ம டீமு பையனுக்கு மெதுவாத் தள்ளி விட்டுட்டு, இவன்பாட்டுக்கு நடந்து கோட்டுக்கு வெளிய வந்துட்டானுங்க. அடி கிடி படல. நொண்டல. சாதாரணமா, ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி நடந்து வந்தான். ஜெர்சியக் கழட்டுனான். மடிச்சு மாஸ்டரு கையில குடுத்துட்டு, உள்பனியனோட பெஞ்சுல போயி உக்காந்துட்டான்.

மாஸ்டரு என்ன பண்ணியிருக்கோணும்? பையன் தோளப் புடிச்சு என்னடான்னு கேக்கோணும். இல்லாட்டி அடுத்த பையன உள்ள விடோணும். அவரு ரெண்டும் பண்ணல. கையில ஜெர்சிய வெச்சுட்டு, திரும்பி, அத்தன கூட்டத்துல என்னையத் தேடிக் கண்டுபுடிச்சு, என்னையவே பாத்தாரு. நான் சொன்னாத்தான் அடுத்தது நடக்கும்ங்கற மாதிரி. அவரு பாக்கவும் பெஞ்சுல இருந்த பசங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கேலரியே என்னையப் பாக்குது. உள்ள ஒரு ஆளு கொறைவா ஆட்டம் ஓடிட்டு இருக்குது.

நானே எந்திரிச்சேன் தம்பி. எறங்கிப் போனேன். பையன்கிட்டக் குனிஞ்சு, 'சாமி, என்ன ஆச்சு, போடா உள்ள, எல்லாரும் பாக்கறாங்கல்ல'ன்னேன்.

அவன் கோவப்படலீங்க. சத்தம் கூடப் போடல. 'நான் ஆடுனா எல்லாரும் தோத்துப் போறாங்கப்பா. அது எனக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியல'ன்னான். 'எனக்கு இங்க உக்காந்திருக்கறதே புடிச்சிருந்துச்சு. சோமு ஆடறதப் பாக்கறதுக்குத்தான் நான் வந்துட்டு இருந்தேன். அவனும் போயிட்டான்.'

நீங்களே சொல்லுங்க தம்பி. யாராச்சும் உக்காந்திருக்கறதுக்காகப் பந்து வெளையாடப் போவாங்களா?

தோத்துட்டாங்க. அதச் சொல்லோணுமா. திரும்பி வர்றப்ப என்ற கார்ல ஏற மாட்டேன்னுட்டு டீமு வண்டியிலயே ஏறிட்டான். நான் பின்னாலயே ஓட்டிட்டு வந்தேன். சங்ககிரி தாண்டற வரைக்கும் அந்த வண்டிப் பின்கண்ணாடியில அவன் தலை தெரிஞ்சுட்டே இருந்துச்சு. பசங்க அவனச் சுத்தி உக்காந்துட்டு ஏதோ குடுக்கறாங்க, வாங்கித் திங்கறான். தோளு மேல கையப் போட்டுக்கறாங்க. தோத்துட்டு வர்ற டீமு மாதிரியே இல்லீங்க. நான் ஹாரன் அடிச்சேன். எதுக்கு அடிச்சேன்னு தெரியல. ஒருத்தனும் திரும்பல.

அந்த மாசமே கிளப்ப விட்டு நின்னுட்டான். பரீச்சை முடிஞ்சதும் மாமன் வீட்டுல இருந்து படிக்கறேன்னு கெளம்பிட்டான். ஆமாங்க, உங்க கோபிதான். கச்சேரிமேட்டுப் பக்கம். ஞாயித்துக்கிழம போவேன். வருவான், எதுத்தாப்புல உக்காருவான். சாப்டியான்னா சாப்டேன்ம்பான். படிக்கறியான்னா படிக்கறேன்ம்பான். ஏதாச்சும் வேணுமாடான்னா ஒன்னும் வேண்டாம்பான். ஒரே ஒரு தடவ அவனாக் கேட்டான், 'சோமு எங்க இருக்கறான்னு கண்டுபுடிக்க முடியுமாப்பா'ன்னு.

அவன் எனக்குக் குடுத்த ஒரே வேல அது. ஆளுங்கள விட்டுத் தேடுனேன் தம்பி. ஒவ்வொரு டையிங்கா ஏறி எறங்குனோம். லைன் வீடுகள்ல போயிக் கேட்டா, சோமாயா, எந்த சோமாய்ங்கறாங்க. அவங்கப்பன் பேரு என்னன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியல. மாஸ்டருக்கும் தெரியல. கிளப்புலயே யாருக்கும் தெரியல. ஊருக்குப் போயிட்டாங்கன்னு ஒருத்தன், பெருந்துறையில இருக்கறாங்கன்னு ஒருத்தன். வாசல்ல நின்னுட்டுப் போன அந்தாளு முகத்த நெனச்சுப் பாக்கறேன், செருப்பு மட்டுந்தான் நெனப்புக்கு வருது. பையன்கிட்டக் கெடைக்கலன்னு சொன்னேன். சரிப்பான்னான். எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

இந்தா, இவ்வளவுதான். இப்பச் சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? யாரு பணத்தையாச்சும் எடுத்தனா? என்ற பணத்தக் குடுத்தேன். அதுக்குக் கெடச்சது இது. அதனாலதான் இனி பந்து ஆட்டத்துக்கு ஒத்தப் பைசா இல்லைன்னு முடிவு பண்ணுனேன்.

ஆனா நீங்க போன்ல கோபின்னு சொன்னீங்க பாருங்க.

உங்க கிரவுண்டு எங்க இருக்குது? மிதுன் படிக்கற ஸ்கூலுக்குப் பின்னாலயா? அப்படின்னா அவன் சாயங்காலம் உங்களத் தாண்டித்தான் போவான். சைக்கிள்ல. ஒல்லியாயிட்டான் இப்ப, கண்ணாடி போட்டிருப்பான். ஜெர்சி நான் தர்றேன். வண்டியும் தர்றேன். வருசம் பூராவுக்கும் என்னென்ன வேணுமோ சொல்லுங்க. கம்பெனி பேரே போட வேண்டாம், பாத்தான்னாக் கண்டுபுடிச்சிருவான். நான் குடுத்தேன்னு ஒரு வார்த்த வெளிய வரக் கூடாது. நீங்களாப் பாத்துக் கூப்புடற மாதிரிக் கூப்புடுங்க. தம்பி, சும்மா வந்து உக்காருப்பா, பசங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடு, அது போதும்னு சொல்லுங்க. அதுக்கு வருவான். அது அவனுக்குப் புடிக்கும். ஆட வெக்க வேண்டாம். நான் கேக்கவே மாட்டேன்.

அவன் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறானான்னு மட்டும் எனக்கு போன்ல சொன்னாப் போதும்.

கொஞ்ச நாள் போகட்டும். அவனுக்கு உங்க மேல ஒரு பிரியம் வந்த பொறவு, ஏதாச்சும் ஒரு மாட்சுல, ஜெயிக்கறது உறுதின்னு ஆன பொறவு, கடைசி அஞ்சு நிமிசம் அவன உள்ள விட்டுப் பாருங்களேன். அஞ்சு நிமிசந்தான். யாரு கண்டா, அங்க அவனுக்கு வந்தாலும் வரும். நான் தூரமா ரோட்டுல கார்லயே உக்காந்து பாத்துட்டுப் போயிருவேன்.

ஏனுங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? நான் தப்பா ஒன்னும் கேக்கலீங்களே.